ஒன்று என்றால் நல்லதா, கெட்டதா?

ஒரு லட்சம் மின்கட்டண ரசீதுகள் ஒரு கோப்பில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் சந்தேகத்துக்கு இடமானவற்றைப் பொறுக்கித் தரும் வேலை ஓர் ஏ.ஐ. ஏஜென்டிடம் ஒப்படைக்கப்படுகிறது. பைத்தான் மொழியில் இலவசமாகக் கிடைக்கும் கருவி ஒன்றை அது ஓட்டுகிறது. கருவி ஒவ்வொரு ரசீதுக்கும் ஓர் எண்ணைப் போட்டுத் தருகிறது. 1 என்று வந்திருக்கும் ரசீது சரியானதா, கோளாறானதா? ஓட்டிய கருவி எது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சைக்கிட்-லேர்ன் என்ற மென்பொருள் நூலகத்தில் 1 என்றால் இயல்பானது, -1 என்றால் பிறழ்வு. பைஓடி என்ற நூலகத்திலோ 0 இயல்பானது, 1 பிறழ்வு. முதல் கருவியின் வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவதன் விடையில் -1 எங்கே என்று தேடினால், ஒன்றுகூடக் கிடைக்காது. 'பிறழ்வு எதுவும் இல்லை, எல்லா ரசீதுகளும் சரி' என்று ஏஜென்ட் அறிக்கை கொடுத்துவிடும். நிரல் பாதியில் நிற்காது. பிழைச் செய்தியும் வராது. வேலை ஒழுங்காக முடிந்ததாகவே எல்லோருக்கும் தோன்றும்.

இந்த விபத்தைத் தடுக்கக்கூடியது கருவியோடு வரும் கையேடு. மென்பொருள்காரர்கள் டாக்குமென்டேஷன் என்பது இதைத்தான். மனிதர் ஒருவர் புதிய கருவியைக் கையில் எடுத்தால், கையேடு புரியாத இடத்தில் பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார், நாலு ரசீதைத் தாமே எடுத்துப் பார்ப்பார், எங்கோ இடிக்கிறதே என்று நிறுத்துவார். ஏஜென்டும் சரிபார்க்கக்கூடியதுதான், ஆனால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதையே அது பெரும்பாலும் எழுத்திலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறியில், கருவி தன்னை அறிமுகம் செய்துகொள்வது ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல் ஆகியவற்றால்தான். அந்தச் சில வரிகளே ஏஜென்டுக்குக் கருவியின் முகம். எனவே கையேட்டின் தரத்தை அளப்பது இன்று அழகியல் விஷயம் இல்லை. குறிப்பாகப் பிறழ்வு கண்டறியும் கருவிகளில், கையேட்டைப் படித்துப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று மதிப்பெண் போடுவது போதாது. அதைத் தவறாகப் படித்தால் என்ன நடக்கிறது என்று சோதித்துத்தான் மதிப்பிட வேண்டும்.

ஏன் குறிப்பாக இந்தக் கருவிகளில்? அவை வேலை செய்யும் விதத்தைச் சற்றுப் பார்த்தால் விளங்கும். 2008-இல் ஃபெய் டோனி லியூ, காய் மிங் டிங், ஷி-ஹுவா ஷோ ஆகிய மூவர் ஐசொலேஷன் ஃபாரஸ்ட் என்ற முறையை முன்வைத்தார்கள். அதன் அடிப்படை எளிமையானது. ஒரு மைதானத்தில் கூட்டம் நிற்கிறது. நெரிசலின் நடுவே நிற்பவரைத் தனியே பிரிக்க வேண்டுமானால் குறுக்கும் நெடுக்குமாகப் பல கோடுகள் போட வேண்டும். ஓரத்தில் தனியே நிற்பவரைப் பிரிக்க இரண்டு மூன்று கோடுகள் போதும். தரவுகளையும் இப்படித் தாறுமாறாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டே போனால், சீக்கிரம் தனிமைப்படுவது பிறழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆய்வுக் கட்டுரையின் கணக்கில், மதிப்பெண் 1-ஐ நெருங்க நெருங்கப் பிறழ்வு. சைக்கிட்-லேர்ன் இதே முறையை எடுத்துக்கொண்டு குறியை மாற்றிவிட்டது. அங்கே மதிப்பெண் குறையக் குறையப் பிறழ்வு. பைஓடியில் உள்ள ஐசொலேஷன் ஃபாரஸ்ட், உள்ளுக்குள் சைக்கிட்-லேர்னின் நிரலையே அழைக்கிறது. பிறகு குறியைத் திரும்பவும் புரட்டி, மதிப்பெண் கூடக் கூடப் பிறழ்வு என்று ஆக்கிக்கொள்கிறது. இரண்டு வண்டிக்கும் ஒரே எஞ்சின்தான், ஸ்டீயரிங் மட்டும் எதிரெதிராகத் திரும்புகிறது. இரண்டு நூலகங்களுக்கும் தத்தம் நியாயம் உண்டு. இரண்டு கையேடுகளும் தத்தம் வழக்கத்தைத் தெளிவாகவே சொல்கின்றன. தவறு நேர்வது இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில்தான்.

பெரும்பாலான மென்பொருள்களில் தவறான பயன்பாடு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கோப்பின் பெயரைத் தவறாகக் கொடுத்தால் கோப்பு திறக்காது. தேதியைத் தலைகீழாக எழுதினால் பல நேரங்களில் பிழைச் செய்தி வரும். பிறழ்வு கண்டறியும் கருவி அப்படியில்லை. எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பட்டியலைத் திருப்பித் தரும். பைஓடியில் கன்டாமினேஷன் என்ற ஓர் அமைப்பு உண்டு. தரவில் எத்தனை பங்கு பிறழ்வு இருக்கும் என்ற முன்கணிப்பு அது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 0.1, அதாவது பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளப்படும். அந்த அளவில் ஒரு லட்சம் ரசீதுகளைக் கொடுத்துப் பழக்கினால், அவற்றில் ஏறத்தாழப் பத்தாயிரம் பிறழ்வு என்று குறிக்கப்படும். ரசீதுகள் அத்தனையும் சுத்தமாக இருந்தாலும் பத்தாயிரம்தான். பாதி போலியாக இருந்தாலும் பத்தாயிரம்தான். கருவி கண்டுபிடித்த எண்ணிக்கை என்று நாம் நினைப்பது, உண்மையில் நாம் சொல்லாமலே கருவி எடுத்துக்கொண்ட அனுமானம். 'கன்டாமினேஷன்: தரவில் பிறழ்வுகளின் விகிதம்' என்று கையேடு ஒற்றை வரியில் சொன்னால் அதில் இலக்கணப் பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஆனால் அது மொட்டைத் தாதன் குட்டையில் விழுந்த கதை. 'இந்த எண்ணை நீங்கள் தராவிட்டால் பத்தில் ஒரு பங்கு எப்படியும் பிறழ்வாகக் குறிக்கப்படும். அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பாக அறிக்கையில் எழுதாதீர்கள்' என்ற இன்னொரு வாக்கியம் சேர்ந்தால்தான் கையேடு தன் கடமையைச் செய்ததாகும்.

'பிறழ்வு' என்று ஒரு குறி போடுவதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு, ஏ.ஐ. வருவதற்கு வெகுமுன்பே ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. அண்டார்டிகாவின் மேலே ஓசோன் படலம் வெகுவாக மெலிந்துபோவதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூன்று பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1985 மே மாதம் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். 1978-இல் ஏவப்பட்ட நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அதே ஓசோனை அளந்துகொண்டுதான் இருந்தது. நாசாவின் கணினி அந்தக் குறைந்த அளவுகளைத் தூக்கி எறிந்துவிட்டது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நடந்தது அதுவல்ல. ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் 180-க்குக் கீழே வந்த அளவுகளைக் கணினி சந்தேகக் குறியிட்டுச் சேமித்தே வைத்தது. விஞ்ஞானிகள் 1984-இல் அந்தக் குறிகள் குவிவதைக் கண்டார்கள்; தென் துருவத் தரைநிலையத்தின் அளவோடு ஒப்பிட்டார்கள். தரைநிலையம் சுமார் 300 என்றது. பிறகுதான் அந்தத் தரை அளவே தவறு என்று தெரிந்தது. குறி போட்டது சரி. அந்தக் குறிக்குப் பொருள் 'கருவி கெட்டிருக்கலாம்' என்பதா, 'வானம் மாறியிருக்கலாம்' என்பதா, எதை நம்பி இதை ஒப்பிடுவது என்பதில்தான் காலம் போயிற்று. தேர்ந்த விஞ்ஞானிகளுக்கே அப்படியென்றால், குறியின் பொருளை எழுத்தில் மட்டுமே தேடும் ஏஜென்டுக்கு அதை விளக்காமல் விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து!

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். கையேட்டைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, இருப்பதிலேயே சிறந்த கருவியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டால் போதாதா? 2022-இல் வெளியான ஏடிபெஞ்ச் என்ற ஒப்பீட்டு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 30 முறைகளை 57 தரவுத் தொகுப்புகளில் ஓட்டிப் பார்த்த ஆய்வு அது. எது பிறழ்வு என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காமல் இயங்கும் முறைகளில், மற்ற எல்லாவற்றையும் புள்ளியியல் கணக்கில் தெளிவாக மிஞ்சிய முறை ஒன்றுகூட இல்லை என்பது அதன் முக்கியமான முடிவு. ஒவ்வொன்றும் ஒருவகைப் பிறழ்வில் கெட்டி, இன்னொரு வகையில் சொதப்பல். ஆகவே எல்லா இடத்திலும் ஜெயிக்கும் கருவி என்று ஒன்றை வாங்கி வைத்துவிட முடியாது. எந்தத் தரவுக்கு எது பொருந்தும் என்ற அறிவுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அந்த அறிவு இருக்க வேண்டிய இடம் கையேடு. அங்கே பல நேரம் அதற்குப் பதில் வெற்றி விகிதங்கள்தான் பளபளக்கின்றன. காலவரிசைத் தரவுகளில் பிறழ்வு தேடுவதற்காகப் பலரும் பயன்படுத்திய சோதனைத் தொகுப்புகளை ரென்ஜி வூ, ஈமன் கியோ ஆகிய இருவர் ஆராய்ந்து, அவற்றில் பல பழுதானவை என்று காட்டினார்கள். சிலவற்றின் விடையை ஒரே ஒரு வரி நிரலால் கண்டுபிடித்துவிடலாம். சிலவற்றில் 'சரியான விடை' என்று குறிக்கப்பட்டிருந்ததே தவறு. அப்படிப்பட்ட பரீட்சையில் வாங்கிய நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டால், மனிதர்கள் விளம்பரம் என்று தாண்டிப் போகக்கூடும். ஏஜென்ட் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

அப்படியானால் நல்ல கையேட்டில் என்ன இருக்க வேண்டும்? விடையின் திசை எது, அதாவது எந்த எண் நல்லது, எந்த எண் கெட்டது என்பது முதலாவது. நாம் எதுவும் சொல்லாதபோது கருவி தானாக எதையெல்லாம் அனுமானிக்கிறது என்பது இரண்டாவது. எந்தத் தரவில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது மூன்றாவது. தவறாகப் பயன்படுத்தினால் சத்தம் வருமா, மௌனமாகத் தவறான விடை வருமா என்பது நான்காவது. இதுதான் மிக அரிதாக எழுதப்படுவது. சைக்கிட்-லேர்னில் உள்ள லோக்கல் அவுட்லையர் ஃபேக்டர் என்ற முறை இந்த நான்காவதற்கு நல்ல பாடம். அதை வழக்கமான அமைப்பில் வைத்துக்கொண்டு புதிய தரவுக்கு விடை கேட்டால், நிரல் பிழை காட்டி நின்றுவிடும். கதவு பூட்டியிருக்கிறது, தவறான வழியில் போகவே முடியாது. ஆனால் புதுமை தேடும் அமைப்புக்கு மாற்றிய பிறகு, பழக்கிய அதே தரவையே திரும்பக் கொடுத்து விடை கேட்டால் நிரல் மறுக்காது. தவறான விடையைத் தந்துவிடும். அப்படிச் செய்யாதீர்கள் என்று கையேடு எச்சரிக்கிறது. ஒரே கருவியில் ஒரு தவறைப் பூட்டு தடுக்கிறது, இன்னொன்றை எச்சரிக்கைப் பலகை மட்டும் தடுக்கிறது. பூட்டு இல்லாத ஒவ்வோர் இடத்திலும் பலகை இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதே கையேட்டை அளப்பதில் முதல் படி.

அடுத்த படி, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுகிறதா என்று சமைத்துப் பார்ப்பது. தரவுத் தொகுப்பு ஒன்றை எடுத்து, அதில் நாமே சில பிறழ்வுகளை விதைத்து வைக்கலாம்; விடை நமக்குத் தெரியும். பிறழ்வே இல்லாத சுத்தமான தொகுப்பு ஒன்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனெனில் பத்தாயிரம் பொய்க் குற்றச்சாட்டு அங்கேதான் அம்பலமாகும். பிறகு ஒரே ஏஜென்ட், ஒரே கருவி, ஒரே வேலை. கையேட்டை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கையேடு இல்லாமல் ஒரு தடவை, இப்போதுள்ள கையேட்டோடு ஒரு தடவை, எச்சரிக்கை வாக்கியங்களைச் சேர்த்து ஒரு தடவை. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதால் ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்ட வேண்டும். விடை சரியா என்பதோடு, தெரியாத இடத்தில் நின்று கேட்டதா, துணிந்து ஊகித்ததா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கையேட்டை மாற்றினால் ஏஜென்டின் நடத்தை மாறும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. 2023-இல் சியே முதலானோர் வெளியிட்ட ஆய்வில், செய்து காட்டும் உதாரணங்கள் எதுவும் இல்லாமல் கருவியின் கையேட்டை மட்டும் கொடுத்தபோதே, உதாரணங்கள் கொடுத்ததற்கு இணையாக, ஏஜென்டுகளுக்கு மூளையாக இருக்கும் மொழி மாதிரிகள் கருவிகளைக் கையாண்டன.

இவ்வளவு சிரமம் எதற்கு, கையேட்டைப் படித்து மதிப்பெண் போடும்படி இன்னொரு ஏ.ஐ.யிடமே சொல்லிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். மலிவான வழிதான். ஆனால் ஏ.ஐ.யை நீதிபதியாக வைத்தால், நீளமான பதிலுக்கும், முதலில் காட்டப்பட்ட பதிலுக்கும், தானே எழுதிய பதிலுக்கும் அது சாயக்கூடும் என்பதை 2023-ஆம் ஆண்டு ஆய்வுகளே எடுத்துக்காட்டின. பக்கம் பக்கமாக எழுதி, தேவையான ஒரு வரியை விட்டுவிட்ட கையேட்டுக்கு அப்படிப்பட்ட நீதிபதி தாராளமாக மதிப்பெண் கொடுத்துவிடும். நீளம் ஏஜென்டுக்கே பாரமாகவும் ஆகலாம். நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளவற்றை நன்றாகப் பயன்படுத்தும் மொழி மாதிரிகள், நடுவில் இருப்பதைக் கோட்டைவிடுவதை அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. '1 என்றால் இயல்பானது' என்ற வாக்கியம் நாற்பதாவது பத்தியில் புதைந்திருந்தால், அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

இன்னொரு மறுப்பு சற்று வலுவானது. சைக்கிட்-லேர்ன் போன்ற புகழ்பெற்ற நூலகங்களை மொழி மாதிரிகள் பயிற்சியின்போதே கரைத்துக் குடித்திருக்கின்றன. நிரலின் மூல வரிகளையும் திறந்து படிக்கத் தெரிந்தவை. அவற்றுக்குக் கையேடு எதற்கு என்பதே அந்த மறுப்பு. கரைத்துக் குடித்ததுதான் சிக்கல். சைக்கிட்-லேர்னின் ஐசொலேஷன் ஃபாரஸ்டில் கன்டாமினேஷன் அளவு முன்பு 0.1 ஆக இருந்தது, 0.22 வெளியீட்டில் அது 'ஆட்டோ' என்று மாறியது, அதாவது வரம்பை மூல ஆய்வுக் கட்டுரையின்படி கருவியே வைத்துக்கொள்ளும். அந்த மாற்றத்தைச் சமாளிக்க 0.20-இல் சேர்க்கப்பட்ட ஓர் அமைப்பு 0.24-இல் நீக்கவும்பட்டது. ஆனால் பழைய வெளியீட்டுக்காக எழுதப்பட்ட பாடங்கள் இணையத்திலிருந்து நீங்கிவிடவில்லை. மாதிரியின் நினைவில் பழசும் புதுசும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். இப்போது கையில் இருக்கும் வெளியீடு எது, அதில் எது மாறியது என்பதைக் கையேடுதான் சொல்ல முடியும். மூல நிரலைப் படித்தாலோ, என்ன நடக்கிறது என்பது தெரியும். எது நடக்க வேண்டும் என்று நினைத்தார்கள், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பது பெரும்பாலும் அங்கே இருக்காது.

எழுதி வைத்தாலும் படிப்பார்களா என்ற மறுப்புக்குச் சரித்திரமே சாட்சி சொல்கிறது. செவ்வாயை நோக்கிப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கு நியூட்டன்-வினாடியில் வர வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தரைநிலைய மென்பொருள் ஒன்று பவுண்டு கணக்கில் கொடுத்தது. ஆவணம் சரி, பின்பற்றியவர் இல்லை. இதிலிருந்து ஆவணம் வீண் என்ற முடிவுக்கு வருவது அவசரம். எழுதியிருக்கிறதா என்று பார்த்ததோடு நின்றார்கள், எழுதியபடி நடக்கிறதா என்று சோதிக்கவில்லை என்பதே அதன் பாடம். கையேட்டைப் படித்து மதிப்பெண் போடுவதற்கும் ஏஜென்டை வைத்துச் சோதிப்பதற்கும் உள்ள வேறுபாடும் அதுதான். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கையேட்டை ஏஜென்ட் அப்படியே நம்பும் என்றால், கெட்ட எண்ணம் கொண்டவர் கருவியின் விளக்கத்திலேயே தன் கட்டளையை ஒளித்து வைக்கலாம். நம்பகமான இடத்திலிருந்து வராத கருவி விளக்கங்களை நம்பக் கூடாது என்று மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலே சொல்கிறது. ஆகவே கையேடு எங்கிருந்து வந்தது என்பதும் தரத்தின் ஒரு பகுதியே.

பிறழ்வு என்று குறிக்கப்படும் வரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கலாம்: கட்டணத்தை ஒழுங்காகக் கட்டியும் விசாரணைக்கு அழைக்கப்படுபவர், அல்லது மீட்டர் பழுதானதே கண்டுபிடிக்கப்படாமல் மாதாமாதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பவர். ஏஜென்ட் செய்த தவறு அவர் வீட்டு வாசலில் போய்த்தான் தெரியவரும். கருவியை எழுதியவருக்கோ ஓட்டியவருக்கோ அது எட்டவே எட்டாது. கருவியின் குறியை இனி மாற்றுவது கடினம். மாற்றினால் அதை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் உடையும். கையேட்டை மாற்றினால் எதுவும் உடையாது. 'இங்கே 1 என்றால் இயல்பானது. பைஓடியில் 1 என்றால் பிறழ்வு' என்று முதல் பத்தியில் ஒரு வரி சேர்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த வரி தேவை என்று கண்டுபிடிக்கத்தான், யாராவது ஒருவர் விடை தெரிந்த ரசீதுக் கட்டு ஒன்றை ஏஜென்டிடம் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.